ஹேஷ்டேக் போடுவது எப்படி: ஆன்லைனில் விற்கும் சிறு கடைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இன்ஸ்டாகிராமில் சேலை, நகை, ஊறுகாய், மசாலாப் பொடி என்று எதையாவது விற்கிறவர்களின் போனில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும். முப்பது ஹேஷ்டேக், அப்படியே காப்பி எடுத்து எல்லாப் போஸ்ட்டின் அடியிலும் ஒட்டுவதற்கு. யாரோ தெரிந்தவர் அனுப்பியதாக இருக்கும், இல்லையென்றால் ஒரே வாரத்தில் வைரல் ஆகலாம் என்று சொல்லி யாரோ காசுக்கு விற்றதாக இருக்கும். முதல் வேலையாக அதை அழித்துவிடுங்கள். கஷ்டப்பட்டு ஒரு பொருளைச் செய்து, படம் எடுத்து, விலை போட்டு வைப்பவர்களிடம் இப்படிப் பட்டியல் விற்றுச் சம்பாதிப்பதைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது, ஏனென்றால் அந்தப் பட்டியலால் அவர்களுக்கு ஒரு ஆர்டர்கூட கூடுதலாக வரப்போவதில்லை.

அதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று படிப்படியாகச் சொல்கிறேன். உதாரணத்துக்கு மதுரையிலிருந்து சுங்குடி சேலை விற்கிற ஒரு சின்ன கடையை எடுத்துக்கொள்வோம். உங்கள் தொழில் வேறாக இருந்தால் பெயர்களை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், செய்ய வேண்டியது இதேதான்.

முதலில், இது எதற்காக வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெஸினா என்பவர் ட்விட்டரில் ஒரு யோசனை சொன்னார்: ஒரே விஷயத்தைப் பேசுபவர்களைச் சேர்த்துப் பார்க்க, சொல்லுக்கு முன்னால் # போட்டுக்கொண்டால் என்ன? அதே ஆண்டு அக்டோபரில் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பக்கம் பெரிய காட்டுத்தீ வந்தபோது, தீ எந்தப் பக்கம் போகிறது, எந்தத் தெருவைக் காலி செய்கிறார்கள் என்ற தகவல்களை ஒரே ஹேஷ்டேக்கின் கீழ் போட்டார்கள். அப்புறம்தான் இது பரவியது. 2009-ல் ட்விட்டர் அதை லிங்க்காகவே மாற்றியது, 2011-ல் இன்ஸ்டாகிராமுக்கும் 2013-ல் ஃபேஸ்புக்குக்கும் வந்தது.

நம் ஊரில் இதன் பலத்தை 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில் பார்த்தோம். படகு வேண்டும் என்பவர், சாப்பாடு கொண்டுவருகிறேன் என்பவர், எங்கள் வீட்டு மாடியில் தங்கிக்கொள்ளலாம் என்பவர் எல்லோரும் ஒரே பெயரின் கீழ் எழுதியதால், ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள்கூடக் கண்டுபிடித்துக்கொண்டார்கள். அது ஏன் வேலை செய்தது? அந்தப் பெயரைப் போட்டுத் தேடுகிற ஆட்கள் இருந்தார்கள், தேடியது அங்கே கிடைத்தது.

வியாபாரத்திலும் இதே கணக்குதான். ஹேஷ்டேக் என்பது பஸ்ஸின் முன்னால் மாட்டுகிற ஊர் போர்டு மாதிரி. திருமங்கலம் போகிற பஸ்ஸில் சென்னை என்று போர்டு மாட்டினால் நிறையப் பேர் ஓடி வருவார்கள், ஆனால் கண்டக்டரிடம் கேட்டுவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள், நிஜமாகவே திருமங்கலம் போக வேண்டியவரோ ஏறாமல் நின்றுகொண்டிருப்பார். சேலை படத்துக்கு அடியில் வைரல், ட்ரெண்டிங், லவ் என்று போடுகிறவர்கள் செய்வது அதைத்தான்.

நிலைமை மாறியிருக்கிறது, அதையும் கணக்கில் வையுங்கள்

இன்ஸ்டாகிராமில் ஒரு போஸ்ட்டுக்கு 30 ஹேஷ்டேக் வரை போடலாம் என்று ரொம்ப காலம் இருந்தது, முப்பது என்ற அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான். ஆனால் 2021-லேயே 3 முதல் 5 வரை போதும் என்று இன்ஸ்டாகிராம் தன் கிரியேட்டர்களுக்குச் சொல்லிவிட்டது. 2024 டிசம்பரில் ஹேஷ்டேக்கை ஃபாலோ செய்யும் வசதியை எடுத்தார்கள். 2025 டிசம்பரில் ஐந்துதான் வரம்பு என்றே அறிவித்துவிட்டார்கள். இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி பல தடவை சொன்ன விஷயம் ஒன்று உண்டு: ஹேஷ்டேக் போட்டதால் மட்டும் ரீச் (பதிவு எத்தனை பேரைப் போய்ச் சேருகிறது என்பது) பெரிதாக ஏறிவிடாது, பதிவு எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள அது உதவும்.

இன்னொரு மாற்றம் இதைவிட முக்கியம் என்று நினைக்கிறேன். 2025 ஜூலையிலிருந்து, பப்ளிக்காக இருக்கிற பிசினஸ், கிரியேட்டர் அக்கவுன்ட்களின் போஸ்ட்கள் கூகுள் தேடலிலும் வர ஆரம்பித்தன. அப்படியென்றால் "மதுரை சுங்குடி காட்டன் சேலை" என்று கூகுளில் தேடுகிறவருக்கு உங்கள் ரீல் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது, கேப்ஷனில் (படத்தோடு சேர்த்து எழுதும் வரிகளில்) அந்தச் சொற்கள் இருந்தால். அதனால்தான் நான் ஹேஷ்டேக்கிலிருந்து ஆரம்பிக்காமல் கேப்ஷனிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

படி 1: கேப்ஷனை ஒழுங்காக எழுதுங்கள்

வழக்கமாகப் பார்க்கிற கேப்ஷன் இப்படி இருக்கும்:

"புது கலெக்‌ஷன் வந்தாச்சு! விலைக்கு டிஎம் பண்ணுங்க. #சேலை #வைரல் #ட்ரெண்டிங் #லவ் #தமிழ்நாடு"

இதில் என்ன சேலை என்பதே இல்லை. பருத்தியா பட்டா, எந்த ஊர், என்ன நிறம், எதுவும் இல்லை. இன்ஸ்டாகிராமுக்கும் தெரியாது, கூகுளுக்கும் தெரியாது, வாங்க வருகிறவருக்கும் தெரியாது. இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய மதுரை சுங்குடி, சுத்தமான பருத்தி. அரக்குச் சிவப்பு உடல், வெள்ளைப் புள்ளி, மெல்லிய ஜரிகை பார்டர். பிளவுஸ் துணி கிடையாது. முதல் இரண்டு தடவை சாயம் கொஞ்சம் இறங்கும், மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாக அலசுங்கள். விலையும் கொரியர் செலவும் கீழே."

ஒரு சேலையை வாங்க யோசிக்கிறவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் இதில் பதில் வந்துவிட்டது, தேடலுக்குத் தேவையான சொற்களும் தானாக உள்ளே வந்துவிட்டன. சாயம் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்வது விற்பனையைக் கெடுக்கும் என்று பயப்படாதீர்கள். சுங்குடி கட்டுகிறவர்களுக்கு அது தெரியும், நீங்கள் சொன்னதால் நம்பிக்கைதான் கூடும்.

ஹேஷ்டேக்கைக் கேப்ஷனிலேயே போடுங்கள். முதல் கமென்ட்டில் ஒளித்து வைக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக. தேடலில் வர வேண்டுமென்றால் கேப்ஷனில் இருப்பதே நல்லது என்று இன்ஸ்டாகிராமே சொல்லியிருக்கிறது. அப்புறம், அக்கவுன்ட் பிரைவேட்டாக இருந்தால் எத்தனை ஹேஷ்டேக் போட்டாலும் உங்கள் ஃபாலோயர்களைத் தாண்டி யாருக்கும் தெரியாது. சொந்த அக்கவுன்ட்டிலேயே விற்க ஆரம்பித்தவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள், செட்டிங்ஸில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படி 2: வாங்குகிறவர் என்ன டைப் செய்வார் என்று தேடுங்கள்

இதற்கு எந்த ஆப்பும் வாங்க வேண்டாம். இன்ஸ்டாகிராம் தேடல் பெட்டியில் "சுங்குடி" என்று எழுத ஆரம்பியுங்கள், என்னென்ன வருகிறது என்று பாருங்கள். தமிழில் ஒரு தடவை, ஆங்கில எழுத்தில் ஒரு தடவை. ஆங்கில எழுத்தில் எஸ் போட்டு ஆரம்பிப்பவர்களும் உண்டு, சி-எச் போட்டு ஆரம்பிப்பவர்களும் உண்டு, நடுவில் வருகிற உயிரெழுத்தை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. ஒவ்வொரு ஹேஷ்டேக்கையும் திறந்து உள்ளே போய்ப் பாருங்கள். எத்தனை லட்சம் போஸ்ட் இருக்கிறது என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம், மேலே வருகிற ஒன்பது, பன்னிரண்டு படங்கள் என்ன படங்கள் என்று பாருங்கள். சேலை என்ற பொதுச் சொல்லைத் திறந்தால் நடிகைகளின் படமும் மாடலிங் ரீல்ஸும் வரிசையாக நிற்கும். அங்கே வருகிறவர் சேலை வாங்க வரவில்லை. அதுவே சுங்குடி என்று குறிப்பாகத் திறந்தால், உங்களை மாதிரி விற்கிறவர்களும், கட்டிப் படம் போட்ட பெண்களும் இருப்பார்கள். கமென்ட்டில் யாராவது விலை கேட்டிருக்கிறார்களா? கேட்டிருந்தால் அது உங்கள் இடம். போஸ்ட் எண்ணிக்கை சில ஆயிரம்தான் என்றாலும் பரவாயில்லை.

திறந்தால் ஒன்றுமே வரவில்லை, அல்லது மறைக்கப்பட்டிருக்கிறது என்று அறிவிப்பு வந்தால் அதைத் தொடாதீர்கள். ஆபாசமோ மோசடியோ அதிகமாகச் சேர்ந்துவிட்ட ஹேஷ்டேக்குகளை இன்ஸ்டாகிராம் கட்டுப்படுத்தி வைக்கிறது, பெயர் அப்பாவித்தனமாக இருந்தாலும்.

உங்கள் டிஎம்மையும் (இன்ஸ்டாகிராமில் தனியாக வரும் மெசேஜ்கள்) வாட்ஸ்அப்பையும் திறந்து, வாடிக்கையாளர்கள் எந்தச் சொல்லில் கேட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். நீங்கள் பருத்தி என்று எழுதுவீர்கள், அவர்கள் காட்டன் என்று கேட்பார்கள். நீங்கள் சேலை என்பீர்கள், அவர்களில் பாதிப் பேர் புடவை என்பார்கள். "ஆபீஸுக்குக் கட்டுற மாதிரி", "வெயிலுக்கு", "அம்மாவுக்குக் கொடுக்க" என்று வருகிற சொற்கள் பொன்னானவை, கடைக்காரருக்குத் தோன்றவே தோன்றாதவை.

படி 3: ஐந்தைத் தேர்ந்தெடுங்கள்

ஐந்தே இடம்தான் என்பதால் ஒவ்வொன்றும் ஒரு வேலை செய்ய வேண்டும். நான் சொல்வது இப்படி: பொருளின் பெயருக்கு ஒன்று, ஊரோடு சேர்ந்த பெயருக்கு ஒன்று, பயன்பாட்டுக்கு ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று, கடையின் சொந்தப் பெயருக்கு ஒன்று. நம் சுங்குடி கடைக்கு #சுங்குடிசேலை, #மதுரைசுங்குடி, #காட்டன்புடவை, அதோடு சுங்குடி என்பதை ஆங்கில எழுத்தில் ஒன்று, கடைசியாகக் கடைப்பெயர்.

எல்லாப் போஸ்ட்டுக்கும் இதே ஐந்தை ஒட்டாதீர்கள். சுங்குடி துப்பட்டாவுக்குத் துப்பட்டா என்று இருக்க வேண்டும். சேலை எப்படி முடிச்சுப் போடுகிறார்கள் என்று காட்டும் ரீலுக்குப் போடுவது வேறு, ஏனென்றால் அதைப் பார்க்க வருகிறவர் கைவினையில் ஆர்வம் உள்ளவர், அவர் உடனே வாங்காவிட்டாலும் சேமித்து வைப்பார், தோழிக்கு அனுப்புவார்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மதுரை சுங்குடி 2005-ல் புவிசார் குறியீடு பெற்ற பெயர். மதுரையில் வாழும் சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது: துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்தால் புள்ளி தெரியும். அதே தோற்றத்தில் அச்சடித்த சேலைகளும் சந்தையில் நிறைய இருக்கின்றன, விலை குறைவு, கட்ட நன்றாகவும் இருக்கின்றன. அதை விற்பதில் தப்பே இல்லை. ஆனால் அச்சடித்ததற்குக் கைமுடிச்சு என்று ஹேஷ்டேக் போடாதீர்கள். வாங்குகிறவர் துணியைத் தடவிப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார், முடிச்சுப் போட்ட இடத்தில் லேசாகச் சுருக்கம் இருக்கும், புள்ளிகளும் ஒன்றுபோல் இருக்காது. இதைவிட முக்கியம், ஒவ்வொரு புள்ளியையும் விரலால் கட்டிய பெண்ணின் கூலி அந்தச் சொல்லில்தான் இருக்கிறது.

படி 4: தமிழில் போடும்போது எழுத்தைக் கவனியுங்கள்

தமிழ் ஹேஷ்டேக் போட்டால் ரீச் குறையும் என்று சிலர் சொல்வார்கள். தமிழில் தேடுகிறவரை அடைய வேறு வழி என்ன இருக்கிறது? தாராளமாகப் போடுங்கள், ஆனால் சில சிக்கல்கள் உண்டு.

ஹேஷ்டேக்கில் இடைவெளி விட்டால் அங்கேயே முறிந்துவிடும். #மதுரை சுங்குடி என்று எழுதினால் மதுரை மட்டும்தான் ஹேஷ்டேக். கோடு, புள்ளி, கமா எல்லாமும் அப்படியே முறிக்கும், அண்டர்ஸ்கோர் மட்டும் தாங்கும். ஆனால் #மதுரை_சுங்குடி வேறு, #மதுரைசுங்குடி வேறு, இரண்டும் தனித்தனிப் பக்கம். அதேபோல ஒற்று. #சுங்குடிச்சேலை என்று இலக்கணப்படி எழுதுகிறவர் ஒரு பக்கம், #சுங்குடிசேலை என்று ஒற்று இல்லாமல் எழுதுகிறவர் இன்னொரு பக்கம். இலக்கணம் படித்தவர்களுக்கு இது உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது, ஆனாலும் ஹேஷ்டேக்கைப் பொறுத்தவரை பெரும்பாலானோர் எப்படி எழுதுகிறார்களோ அதைத் தேடிப் பார்த்து அதையே எடுங்கள். ஒற்றோடு உள்ள வடிவத்தைக் கேப்ஷனில் எழுதிவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு சிக்கலும் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உள்ளிடலாம், பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே இருக்கும் குறியீடு வேறு. உங்கள் கடைப்பெயர் ஸ்ரீயில் ஆரம்பித்தால், உங்கள் போனில் போட்டதும் உங்கள் தங்கை லேப்டாப்பில் போட்டதும் இரண்டு வெவ்வேறு ஹேஷ்டேக்காகப் போய்விடலாம். ஒருவர் போட்டதை மற்றவர் தட்டிப் பார்த்து, எல்லாப் போஸ்ட்டும் ஒரே பக்கத்தில் வருகிறதா என்று சரிபாருங்கள். பொதுவாகவே, பதிவிட்டவுடன் முழுச்சொல்லும் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது, ஒரு உயிர்மெய்யின் நடுவில் முறிந்து நின்றால் அப்போதே திருத்திவிடலாம்.

படி 5: கடைக்கென்று ஒரு ஹேஷ்டேக்

சின்னதாக, ஒரு தடவை கேட்டாலே எழுத வருகிற மாதிரி இருக்கட்டும். முடிவு செய்வதற்கு முன் தேடிப் பாருங்கள், அந்தப் பெயரில் ஏற்கனவே வேறு யாராவது இருக்கலாம். அப்புறம், சேர்த்து எழுதியதை உரக்கப் படியுங்கள். "நம் கடை சிறப்பு" என்று நினைத்து #நம்கடைசிறப்பு என்று போட்டால், கண் முதலில் படிப்பது "நம் கடைசி" என்றுதான். 2012-ல் பாடகி சூசன் பாயிலின் ஆல்பம் விருந்துக்கு வைத்த ஆங்கில ஹேஷ்டேக்கைச் சொற்களைத் தவறாகப் பிரித்து அசிங்கமாகப் படித்தார்கள், உலகம் முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

வைத்தபிறகு அதை மக்கள் பயன்படுத்த ஒரு காரணம் கொடுங்கள். ஆப்பிள் நிறுவனம் 2015-லிருந்து நடத்துகிற ஷாட் ஆன் ஐபோன் என்ற விளம்பரம் வெற்றி பெற்றதற்குக் காரணம், அதில் போனைப் பற்றி யாரும் பேச வேண்டியதில்லை, தான் எடுத்த நல்ல படத்தைக் காட்டினால் போதும். நீங்களும் பார்சலுக்குள் ஒரு சின்ன அட்டை வையுங்கள்: "கட்டிப் படம் எடுத்தால் இந்த ஹேஷ்டேக்கோடு போடுங்கள், எங்கள் பக்கத்தில் பகிர்கிறோம்." யாராவது போட்டால் அன்றைக்கே அனுமதி கேட்டு ஸ்டோரியில் பகிருங்கள். நிஜமான ஒருவர், நிஜமான வெளிச்சத்தில் கட்டிய சேலைப் படத்தைவிட நல்ல விளம்பரம் கிடையாது.

ஆனால் மக்கள் உங்களைப் பற்றிக் கதை சொல்லட்டும் என்று பொதுவாகத் திறந்துவிட்டால் கவனம். மெக்டொனால்ட்ஸ் 2012 ஜனவரியில் தங்களைப் பற்றிய கதைகளைப் பகிரச் சொல்லி ட்விட்டரில் காசு கொடுத்து ஒரு ஹேஷ்டேக்கை ஓடவிட்டது. வந்து குவிந்தவை கெட்ட அனுபவங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று.

மற்ற தளங்களில்

யூடியூபில் டிஸ்கிரிப்ஷனில் போட்டால் மூன்று வரை தலைப்புக்குப் பக்கத்தில் தெரியும், எனவே முதல் மூன்றை நன்றாகத் தேர்ந்தெடுங்கள். 60-க்கு மேல் போனால் அந்த வீடியோவின் எல்லா ஹேஷ்டேக்கையும் யூடியூப் ஒதுக்கிவிடும். த்ரெட்ஸில் ஒரு பதிவுக்கு ஒன்றுதான். எக்ஸில் (பழைய ட்விட்டர்) ஒன்று, இரண்டு போதும். அங்கே காசு கொடுத்துப் போடும் விளம்பரங்களில் 2025 ஜூன் முதல் ஹேஷ்டேக்குக்கே தடை. ஃபேஸ்புக்கில் இதற்காக ரொம்ப மெனக்கெடாதீர்கள், ஊர்ப் பெயரில் இருக்கும் குரூப்களில் ஒழுங்காகப் பதில் சொல்வது அதிகப் பலன் தரும்.

ட்ரெண்டில் ஏறுவதற்கு முன்

பொங்கல், தீபாவளி, ஆடித் தள்ளுபடி, சித்திரைத் திருவிழா என்று உங்கள் பொருளோடு தொடர்புள்ள நாட்களுக்குத் தாராளமாக ஏறுங்கள், அதுவும் முன்கூட்டியே. தீபாவளிச் சேலையை ஐப்பசியில் தேடுவதற்கு முன்பே ஆட்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள், கொரியர் போய்ச் சேரவும் நாள் வேண்டும்.

ஒரு ஹேஷ்டேக் திடீரென்று மேலே வந்தால், அது ஏன் வந்தது என்று படித்துவிட்டுத்தான் தொட வேண்டும். 2014 செப்டம்பரில் அமெரிக்காவில், அடிக்கிற கணவனோடு ஏன் இருந்தோம் என்று பெண்கள் ஒரு ஹேஷ்டேக்கின் கீழ் எழுதிக்கொண்டிருந்தார்கள். டிஜோர்னோ என்ற பீட்சா நிறுவனம் அது என்னவென்று பார்க்காமல், பீட்சா இருந்ததால் இருந்தேன் என்கிற மாதிரி ஒரு பதிவு போட்டது. உடனே அழித்து மன்னிப்புக் கேட்டார்கள், ஆனால் ஸ்கிரீன்ஷாட் இன்றைக்கும் சுற்றுகிறது. வெள்ளம், புயல், விபத்து, மரணம் இவற்றின் ஹேஷ்டேக்கில் விற்பனைப் போஸ்ட் போடவே கூடாது. உதவி தேடுகிறவரின் பதிவை உங்கள் சேலைப் படம் கீழே தள்ளும்.

யாரையாவது வைத்து விளம்பரம் செய்தால்

ஒரு இன்ஃப்ளூயன்சருக்குக் காசு கொடுத்தாலோ, சேலையை இலவசமாக அனுப்பினாலோகூட, அது விளம்பரம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021-லும், மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலும் இதற்கு விதிமுறை வெளியிட்டிருக்கின்றன. இதில் ஹேஷ்டேக்குக்கு நேரடியாகச் சம்பந்தம் உண்டு: விளம்பரம் என்ற சொல்லை மற்ற ஹேஷ்டேக் கூட்டத்தின் நடுவில் சொருகக் கூடாது, கண்ணில் படுகிற இடத்தில் தனியாக இருக்க வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை. படத்தை அனுப்பும்போதே, எந்தச் சொல்லை எங்கே போட வேண்டும் என்று அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கடைசிப் படி: கணக்கு வைத்துப் பாருங்கள்

ஒரு நோட்டு போதும். தேதி, என்ன போஸ்ட், எந்த ஐந்து ஹேஷ்டேக், அப்புறம் ஒரு வாரம் கழித்து இன்சைட்ஸில் (போஸ்ட் எப்படிப் போனது என்று இன்ஸ்டாகிராமே காட்டும் கணக்கில்) பார்த்த எண்கள். லைக்கை விடுங்கள். ஃபாலோ செய்யாதவர்கள் எத்தனை சதவீதம் பார்த்தார்கள், எத்தனை பேர் சேமித்தார்கள், எத்தனை பேர் பகிர்ந்தார்கள், எத்தனை பேர் விலை கேட்டார்கள் என்று எழுதுங்கள். ஒரே நேரத்தில் படம், பாட்டு, நேரம், ஹேஷ்டேக் எல்லாவற்றையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது, ஆகவே ஒரே மாதிரிப் போஸ்ட்களுக்கு ஹேஷ்டேக்கை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒன்றிரண்டு போஸ்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள், ஒன்றிரண்டு மாதமாவது ஓடட்டும்.

இன்சைட்ஸ் சொல்லாத ஒன்றை வாடிக்கையாளர் சொல்வார். ஆர்டர் எடுக்கும்போது, "எப்படிங்க எங்களைக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். தோழி அனுப்பினாள் என்பார், கூகுளில் வந்தது என்பார், ஏதோ தேடும்போது கிடைத்தது என்பார். ஏதோ என்றால் விடாதீர்கள், என்ன எழுதித் தேடினீர்கள் என்று கேட்டு, அவர் சொன்ன அதே சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு, அடுத்த போஸ்ட்டின் கேப்ஷனில் போட்டுப் பாருங்கள்.